மலையில் யாருக்கு 3,441 வெள்ளி?

மலேசியப் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, 2023இல் சம்பளம் வாங்கிய மலேசியக் குடிமக்களின் சராசரி மாதச் சம்பளம் 3,441 ரிங்கிட், நம் பேச்சில் 3,441 வெள்ளி. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு கேமரன் மலையில் ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்தின் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய், ‘உங்களில் யாருக்கு மாதம் 3,441 வெள்ளி வருகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுதும் கிராணி ஒருவேளை கையைத் தூக்கலாம். கொழுந்து எடுப்பவர்கள், மருந்து அடிப்பவர்கள், ஆலையில் இலை வாட்டுபவர்கள் யாரும் தூக்கமாட்டார்கள்.

எண்ணில் பொய் இல்லை. எல்லாருடைய சம்பளத்தையும் ஓரிடத்தில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு எவ்வளவு விழும் என்ற கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் நாம் கேட்பது அதை அல்ல. சாதாரணமாக ஒருவர் என்ன சம்பாதிக்கிறார் என்றுதான் கேட்கிறோம். இரண்டுக்கும் ஒரே விடை என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை பெரியது. பத்திரிகைத் தலைப்பிலும் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் நாடாளுமன்ற விவாதத்திலும் அது நடந்துகொண்டே இருக்கிறது.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்த மலைக்கு, 1885இல் நிலஅளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் நிலைத்துவிட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ஹாபு பக்கம் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் சுபர்ஷாத் அகர்வால் தொடங்கிய பாரத் தேயிலை இன்று ‘கேமரன் வேலி’ என்ற பெயரில் விற்கிறது. காட்டை வெட்டி, சரிவில் செடி வைத்து, முதல் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். முதலில் கையால் கிள்ளினார்கள், பிறகு கத்தரி வந்தது, அதன் பின் இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு செடியின் தலையை மழிக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரம் ஏறாத செங்குத்துச் சரிவுகளுக்கு இன்னும் மனிதக் கைதான்.

இந்த மலையில் தினமும் இரண்டு கணக்குகள் எழுதப்படுகின்றன. ஒன்று கொழுந்து நிறுக்கும் இடத்துக் கணக்கு, மற்றது சம்பளப் பட்டியல். சராசரி என்ற ஒரே கருவி முதல் கணக்கில் நேர்மையாக நடந்துகொள்கிறது, இரண்டாவதில் ஆளை ஏமாற்றுகிறது. ஏன் அப்படி என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

நிறுவைக் கணக்கை முதலில் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, இலங்கைத் தோட்டங்களில் கையால் கிள்ளுபவர் ஒரு நாளில் எடுக்க வேண்டிய நிறை 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வைத்திருப்பார்கள். கை வேகமான ஒரு பெண் அதைப்போல ஒன்றரை மடங்கு எடுப்பார், நல்ல துளிர்ப்பு நாளில் இரண்டு மடங்கும் எடுப்பார். பத்து மடங்கு எடுக்க யாராலும் முடியாது. இரண்டு கைகள், ஒரு முதுகு, எட்டு மணி நேரம் என்று உடம்பே எல்லை போட்டுவிடுகிறது. மேலே போவதற்கும் எல்லை உண்டு, கீழே இறங்குவதற்கும் எல்லை உண்டு, பெரும்பாலோர் நடுவில் கூடுகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் சராசரியைச் சொன்னால் சாதாரண ஆளையே சொன்னதாகிவிடும். மனிதர்களின் உயரமும் எடையும் இப்படித்தான் பரவியிருக்கின்றன.

இப்போது சம்பளப் பட்டியலுக்கு வருவோம். கணக்குக்காக 50 பேர் கொண்ட ஒரு தோட்டத்தை நாமே கற்பனையில் அமைத்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டத்தின் உண்மைப் பட்டியலும் இதுவல்ல. வெளிக்காட்டு வேலையில் 36 பேர், ஆளுக்கு 1,750 வெள்ளி. ஆலையில் 8 பேர், ஆளுக்கு 2,050. கிராணி, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வகையில் 4 பேர், ஆளுக்கு 3,200. உதவி நிர்வாகியான சின்னத் துரைக்கு 7,000. நிர்வாகியான பெரிய துரைக்கு 18,000. மொத்தச் சம்பளம் 1,17,200 வெள்ளி, 50ஆல் வகுத்தால் சராசரி 2,344.

50 பேரில் யாருக்கும் 2,344 வெள்ளி இல்லை. அந்தத் தொகைக்குக் கிட்டத்தில்கூட ஒருவர் இல்லை. 44 பேர் அதற்குக் கீழே, 6 பேர் அதற்கு மேலே. பாதிப் பேர் சராசரிக்கு மேலும் பாதிப் பேர் கீழும் இருப்பார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் சராசரியைத் தொடவே இல்லை.

அடுத்த ஆண்டு பெரிய துரையின் சம்பளம் மட்டும் 5,000 வெள்ளி கூடுகிறது, மற்ற 49 பேருக்கும் ஒரு சென் கூடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 2,444 ஆகிவிடும். ‘தோட்டத்தில் சராசரிச் சம்பளம் 100 வெள்ளி உயர்வு’ என்று ஒருவர் எழுதினால் அவர் மீது பொய்க் குற்றம் சாட்ட முடியாது.

சம்பளம் கிலோவைப்போல் நடுவில் கூடாததற்குக் காரணம், அதற்குக் கீழே தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. அதோடு, சம்பளம் கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. எல்லாருக்கும் 5 சதவீத உயர்வு என்று அறிவித்தால் கேட்கச் சமத்துவமாக இருக்கும். 1,750 வாங்குபவருக்கு அது 87 வெள்ளி 50 சென், 18,000 வாங்குபவருக்கு 900 வெள்ளி. ஒரே சதவீதத்தை ஆண்டுக்கு ஆண்டு கொடுத்துக்கொண்டு போனாலே வெள்ளிக் கணக்கில் இடைவெளி அகன்றுகொண்டு போகும். பணக்கார முனையில் வருமானம் நீண்ட வாலாக இழுத்துக்கொண்டு போவதை இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே காட்டிவிட்டார். பெருக்கல் வளர்ச்சி இப்படிக் கோணலான பரவலைத்தான் தரும் என்பதை 1931இல் ராபர்ட் ஜிப்ரா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கணிதமாக எழுதிவைத்தார்.

இந்த வால் இழுப்புக்கு அசையாத அளவு ஒன்று உண்டு. எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்பது. இதுதான் இடைநிலை. நம் கற்பனைத் தோட்டத்தில் இடைநிலைச் சம்பளம் 1,750. பெரிய துரைக்கு 18,000 கொடுத்தாலும் 23,000 கொடுத்தாலும் ஒரு லட்சமே கொடுத்தாலும் அது 1,750தான். புள்ளியியல் துறை இதையும் வெளியிடுகிறது. 2023இல் மலேசியக் குடிமக்களின் இடைநிலைச் சம்பளம் 2,602 ரிங்கிட். சம்பளம் வாங்குவோரில் பாதிப் பேருக்கு மாதம் 2,602 அல்லது அதற்கும் குறைவு. சராசரிக்கும் இதற்கும் இடையில் 839 வெள்ளி, வாடகைக்கோ பிள்ளையின் படிப்புக்கோ போதுமான பணம்.

இடைநிலையோடும் நிறுத்திவிட முடியாது. ஆட்கள் எந்தத் தொகையில் குவிந்து நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மலையில் அந்தக் குவியல் குறைந்தபட்சச் சம்பளச் சுவரை ஒட்டி நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2013இல் அது 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2016இல் 1,000, 2019இல் 1,100. 2020 பிப்ரவரியில் மாநகர, நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 ஆக்கினார்கள். கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் வருவதால் இங்கே 1,100லேயே நின்றது. அரிசியும் எண்ணெயும் கீழே இருந்து மலையேறித்தான் வரவேண்டும் என்பது அந்த உத்தரவின் கணக்கில் இல்லை. 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கும் மாதச் சம்பளம் இதற்குக் கீழே போகக்கூடாது என்று உத்தரவு சொல்கிறது. சட்டம் சுவரைத் தூக்கும்போதெல்லாம் குவியலும் கூடவே எழும்புகிறது. சுவரிலிருந்து விலகி மேலே நடப்பவர்கள் குறைவு.

அந்த 1,700 வெள்ளியையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 6 நாள் வேலை செய்யும் நாள்கூலிக்காரருக்கு அது 65 வெள்ளி 38 சென் என்று உத்தரவிலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 26 நாள் பேர் விழுந்தால், அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவானால், 1,700 நிறையும். பிள்ளைக்குக் காய்ச்சல், தனக்கு முதுகுவலி என்று சம்பளமில்லாமல் நான்கு நாள் நின்றுவிட்டால் 22 நாளுக்கு 1,438. முழுச் சம்பளம் வாங்கினாலும் சேமநிதிக்கு 11 சதவீதம், ஏறக்குறைய 187 வெள்ளி போய்விடும். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் தனி. சேமநிதி நாளைக்குத் திரும்பி வரும் பணம்தான். ஆனால் இந்த மாதக் கடைக்கடனை அதைக் கொண்டு அடைக்க முடியாது. சம்பளப் புள்ளிவிவரங்கள் பிடித்தத்துக்கு முந்திய தொகையைச் சொல்கின்றன. குடும்பம் நடப்பது பிந்திய தொகையில்.

அறிவிக்கும் சம்பளத்துக்கும் கையில் விழும் சம்பளத்துக்கும் உள்ள இந்த இடைவெளி நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வருகைக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தி ஊக்கத்தொகை 140. வருகைக்கான பணம் குறிப்பிட்ட சதவீத நாள் வந்தால்தான், ஊக்கத்தொகை நிறை முடித்தால்தான். மழை இல்லாத மாதத்தில் துளிர் இல்லை, துளிர் இல்லாவிட்டால் நிறை இல்லை. 730 என்பது எல்லாம் சரியாக அமைந்த ஒரு நாளின் சம்பளம். சாதாரண நாளின் சம்பளம் என்று அதைச் சொல்ல முடியாது.

மலாயாவிலும் ‘போ’ தோட்டம் தொடங்கிய அந்தக் காலத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த கூலி என்று ஒன்று இருந்தது. முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்ததும் 1930இல் அதை 40, 32 ஆக வெட்டினார்கள். 1936 கடைசியில் இந்தியாவிலிருந்து வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய 50, 40ஐயே திரும்பக் கொடுக்கச் சொல்லி அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார். விவாதமெல்லாம் நாள் கூலி பற்றியே நடந்தது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்ற கேள்வியும் அதே அளவு கனமானது. அன்றும் அது பின்னால்தான் நின்றது.

யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதில்தான் சராசரி எல்லாவற்றையும்விட மோசமாக வழுக்குகிறது என்று நான் நினைக்கிறேன். புள்ளியியல் துறையின் சம்பள ஆய்வு குடிமக்களை மட்டும் எண்ணுகிறது. இன்றைக்கு மலைத்தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் கணிசமானோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று வெளிநாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். நம் கற்பனைத் தோட்டத்துக்கே திரும்புவோம். வெளிக்காட்டு வேலையில் இருக்கும் 36 பேரில் 30 பேர் வெளிநாட்டவர் என்றால், குடிமக்கள் கணக்கில் மிஞ்சுவது 20 பேர். அவர்களின் மொத்தச் சம்பளம் 64,700, சராசரி 3,235. இடைநிலையும் 2,050 ஆகிவிடுகிறது. அதே மலை, அதே செடி, அதே சம்பளப் பட்டியல். யாருக்கும் ஒரு சென் கூடவில்லை. தேயிலை எடுக்கும் கைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் தேயிலைத் தோட்டம் நல்ல சம்பளம் தரும் இடமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. இடைநிலையை மட்டும் கேட்டு நிம்மதி அடைந்துவிட முடியாது என்று முன்பே சொன்னது இதனால்தான்.

உலகத்தின் மிகப் பெரிய பொருளாதாரத்திலும் இது நடந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. அதே மாதம் சராசரி மணிக்கூலி 4.7 சதவீதம் ஏறியது. உணவகங்களிலும் விடுதிகளிலும் இருந்த குறைந்த கூலிக்காரர்கள் வேலையிழந்து பட்டியலை விட்டு வெளியேறினார்கள், கூடுதலாக வாங்குபவர்கள் பட்டியலில் தங்கினார்கள். பேரழிவு மாதத்தில் சராசரி மேலே போனது.

இனி, மலேசியத் தமிழர்களுக்கு நேரடியாக உறைக்க வேண்டிய ஒரு கணக்கு. 2019 குடும்ப வருமான ஆய்வில் மலேசிய இந்தியர் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,216 ரிங்கிட். பூமிபுத்ரா குடும்பங்களுக்கு 7,093, சீனர் குடும்பங்களுக்கு 9,895. இந்த மூன்று எண்களை மட்டும் மேசையில் வைத்தால், இந்தியர்கள் நாட்டின் நடுநிலையில் வசதியாகவே இருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. இடைநிலையைப் பக்கத்தில் வையுங்கள். இந்தியர் 5,981, பூமிபுத்ரா 5,420, சீனர் 7,391. இந்தியர்களின் சராசரி அவர்களின் இடைநிலையைப்போல 1.37 மடங்கு. மற்ற இரு சமூகங்களுக்கும் அது 1.31, 1.34. மடங்குக் கணக்கில் பார்த்தால், சராசரிக்கும் இடைநிலைக்கும் நடுவில் மிகப் பெரிய பள்ளம் நம்மிடம்தான். ஏற்றத்தாழ்வைச் சொல்லும் ஜினிக் குறியீடு அந்த ஆண்டு இந்தியர்களிடையே 0.411.

அந்தப் பள்ளத்தின் ஒரு கரையில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் இருக்கிறார்கள். மறுகரையில் தோட்டம் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நிலம் வீட்டுமனையானபோதும் தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்களும், இறங்காமல் மலையிலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். இரு கரையையும் சேர்த்துக் கூட்டி வகுத்த 8,216 என்ற எண்ணைக் காட்டி உதவித்தொகையையும் பயிற்சித் திட்டத்தையும் வீட்டுத் திட்டத்தையும் அளந்தால், முதல் கரையின் சம்பாத்தியம் இரண்டாம் கரையின் வறுமையை மூடிவிடும். உதவி தேவைப்படும் குடும்பத்தின் கதவை அந்த எண்ணே அடைத்துவிடுகிறது. எனக்கு இது புள்ளியியல் நுணுக்கமாகத் தோன்றவில்லை, அநீதியாகத் தோன்றுகிறது.

குடும்ப வருமானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஒரு வீட்டில் சம்பாதிக்கும் எல்லாருடைய தொகையின் கூட்டல். 2022 கணக்குப்படி மாதம் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழே வருமானம் உள்ள வீடு பி40 என்ற கீழ் 40 சதவீதத்தில் சேரும். அப்பா, அம்மா, மூத்த பிள்ளை என்று மூன்று பேரும் 2025இன் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கினாலும் வீட்டுக்கு வருவது 5,100. மூன்று முழுநேர உழைப்பாளிகள் இருந்தும் அந்தப் பழைய கோட்டைத் தாண்ட முடியவில்லை. ஒருவர் மட்டும் சம்பாதித்து 5,100 கொண்டுவரும் வீடும் இதே வரிசையில் வரும். ஆனால் அந்த வீட்டில் அம்மா வீட்டில் இருக்கலாம், மூத்த பிள்ளை ஆறாம் படிவம் படிக்கலாம். எண் ஒன்றுதான், வாழ்க்கை ஒன்றல்ல.

சராசரியைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு தோட்டம் மொத்தம் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறது, சேமநிதிக்கு எவ்வளவு கட்ட வேண்டும், மாநிலத்துக்குள் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதற்கெல்லாம் சராசரியே சரியான கருவி. ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும், இடைநிலையை வைத்து அதைச் செய்ய முடியாது. கொழுந்து நிறுவையிலும் அதை நம்பலாம். மனிதர்களின் நிலையைச் சொல்ல அதை மட்டும் கொண்டுவந்தால்தான் எதிர்க்க வேண்டும்.

தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கும் சமூக அமைப்புகளை நடத்துபவர்களுக்கும் பத்திரிகையில் எழுதுபவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த சம்பள அறிக்கை வரும்போது சராசரியைத் தலைப்பில் போடாதீர்கள், இடைநிலையைப் போடுங்கள். அதன் பக்கத்திலேயே யாரை எண்ணவில்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். ஒப்பந்த மேசையில் நிர்வாகம் சராசரிச் சம்பளத்தைச் சொன்னால், துரைமார்களையும் கிராணிகளையும் நீக்கிவிட்டு வெளிக்காட்டு ஆட்களின் இடைநிலை என்ன, மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுகிறது என்று கேளுங்கள். தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கும் தனியாக இடைநிலை வருமானம் எடுத்து வெளியிடச் சொல்லி அரசிடம் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சம்பளத்தையும் ஒரு தனி அட்டவணையாகவாவது வெளியிடச் சொல்லுங்கள். பட்டியல்கள் கிராணி அறையில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.